ஞாயிறு பாஸ்தாவுக்கு எந்த மீன்?

கடல் உணவுப் பாஸ்தா செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்முறையைத் தேடுகிறார்கள். பிறகு அதில் சொல்லியிருக்கும் மீனைத் தேடிக் கடைகடையாக ஏறி இறங்குகிறார்கள். கிடைக்காவிட்டால் கல்லாக உறைந்த பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து சமைத்துவிட்டு, உணவகத்தில் சாப்பிட்டதுபோல் வரவில்லையே என்று அங்கலாய்க்கிறார்கள். நானும் சில வருடங்கள் அப்படித்தான் காசைக் கரைத்தேன். இத்தாலியின் தெற்குக் கரையில், நேப்பிள்ஸிலோ பலெர்மோவிலோ, வீட்டுச் சமையல் தலைகீழாக நடக்கும். காலைச் சந்தையில் எது பளபளவென்று கிடக்கிறதோ அதை வாங்குவார்கள். பாஸ்தா என்ன வடிவம், தக்காளி உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்த மீனைப் பொறுத்தது.

ஆகவே செய்முறைகளை விட்டுவிட்டு மீன்களை ஒப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், நான்கு பேர், இரண்டு அடுப்பு. காசிமேட்டிலோ தெருமுனை மீன்கடையிலோ பையோடு நிற்கிறீர்கள். மட்டி, இறால், ஓட்டுக் கணவாய், மத்தி, நெத்திலி எல்லாம் இருக்கின்றன. எதுவும் பிடிக்கவில்லை என்றால் வீட்டு அலமாரியில் டப்பாவில் அடைத்த சூரை இருக்கிறது. எதை வாங்குவது?

ஒவ்வொரு மீனைப் பார்த்தும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது தன் சாற்றை எங்கே வைத்திருக்கிறது, அதை வெளியே எடுக்க எனக்கு எவ்வளவு பாடு? நம் மீன் குழம்பில் புளியும் மிளகாயும் மல்லியும் மீனைத் தாங்கிப் பிடிக்கும். மீன் சுமார் என்றாலும் குழம்பு மானத்தைக் காப்பாற்றிவிடும். இத்தாலியக் கடல் பாஸ்தாவில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பூண்டு, ஆலிவ் எண்ணெய், ஒரு வற்றல் மிளகாய், பாஸ்தா வெந்த நீர். மீன் கொடுக்காத ருசியை அங்கே வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

பட்டியலிலிருந்து ஒன்றை இப்போதே நீக்கிவிடுகிறேன்: கலவை. மட்டி, மசல் சிப்பி, இறால், கணவாய் எல்லாம் ஒரே தட்டில் மலைபோல் குவிந்து வரும் 'அல்லோ ஸ்கோலியோ'. பாறைக் கரைப் பாணி என்று பொருள். படத்தில் அழகாக இருக்கும், விருந்தாளி வாயைப் பிளப்பார். வீட்டில் இது தோற்பதற்குக் காரணம் நேரக் கணக்கு. மட்டி வாய் திறக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். நடுத்தர இறாலுக்கு இரண்டு நிமிடம் போதும். கணவாய் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் ரப்பர். பாஸ்தாவோ ஒன்பது நிமிடம் கேட்கும். உணவகத்தில் நான்கு அடுப்பும் நான்கு கைகளும் இருக்கின்றன. வீட்டில் ஒருவர் இடுக்கியோடு வாணலியைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார், கடைசியில் எல்லாமே கொஞ்சம் அதிகமாக வெந்திருக்கும். கடைகளில் விற்கும் உறைந்த 'கடல் உணவுக் கலவை' பொட்டலம் இதைவிட மோசம். பல பொட்டலங்களில் எல்லாவற்றையும் முன்பே ஒருமுறை வேகவைத்து, சாற்றை வடித்துவிட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். சக்கையை விலை கொடுத்து வாங்குகிறோம்.

இனி எல்லா மீனுக்கும் பொதுவான இரண்டு மூன்று விஷயங்கள். கடல் உணவுக்குக் காய்ந்த பாஸ்தாதான் பொருந்தும்: ஸ்பகெட்டி, லிங்குயினி, நடுவில் துளையுள்ள புக்காட்டினி. முட்டை சேர்த்துப் பிசைந்த பச்சைப் பாஸ்தா எண்ணெயைக் குடித்துவிட்டு மந்தமாகிவிடும். பொட்டலத்தின் பின்பக்கத்தில் டூரம் கோதுமை ரவை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த பாஸ்தாவை டூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலியர்கள் 1967-ல் சட்டமே போட்டார்கள். அந்தக் கோதுமையின் புரதம்தான் பாஸ்தாவைக் குழையாமல் நிறுத்துகிறது. நான்கு பேருக்கு 350 கிராம் போதும். லிட்டர் நீருக்குப் பத்து கிராம் உப்பு என்பது வழக்கமான கணக்கு. மட்டிக்கும் நெத்திலிக்கும் ஏழு கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவை கடலையே கொண்டு வருகின்றன. பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே பாஸ்தாவை எடுத்து, மீன் சாறு இருக்கும் வாணலியில் போட்டு, வெந்த நீர் ஒரு கரண்டி ஊற்றி, குலுக்கிக் குலுக்கி வேக வைக்க வேண்டும். அந்த நீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்து எண்ணெயையும் சாற்றையும் சேர்த்துப் பிடித்து, பால் கலந்ததுபோல் ஒரு பூச்சாக மாற்றும். கிரீம் ஊற்ற வேண்டும் என்ற ஆசை இந்தப் பூச்சை ஒருமுறை ஒழுங்காகச் செய்தவருக்கு வராது. இத்தாலியர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை; ஆனால் புகையூட்டிய சால்மனும் கிரீமும் போட்ட பென்னே பாஸ்தா 1980-களில் இத்தாலியிலேயே பெரிய மோகமாக இருந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன். தவறு எல்லா ஊரிலும் நடக்கும்.

மட்டி

ருசியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் போட்டி இங்கேயே முடிந்தது. நேப்பிள்ஸின் ஸ்பகெட்டி அல்லே வொங்கொலே, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அந்த ஊர் வீடுகளில் தவறாமல் இடம்பெறும் உணவு. மட்டி தன் சாற்றை ஓட்டுக்குள்ளேயே அளந்து வைத்திருக்கிறது. எண்ணெயில் பூண்டு வாசம் வந்ததும் மட்டியைக் கொட்டி மூடி, தீயைக் கூட்டினால், மூன்றாவது நிமிடம் ஓடுகள் டக் டக்கென்று திறக்கும். வாணலியில் சாம்பல் வெள்ளையாக ஒரு கோப்பைச் சாறு நிற்கும். நாம் எதையும் காய்ச்சவில்லை, அரைக்கவில்லை, வதக்கவில்லை. அந்தச் சாற்றை மெல்லிய துணியில் வடிகட்டினால் மணல் போய்விடும். திறந்த மட்டிகளை எடுத்து வைத்துவிட்டு, சாற்றில் பாஸ்தாவை முடித்து, மட்டியைத் திரும்பச் சேர்த்து, பார்ஸ்லித் தழையைத் தூவினால் ஆயிற்று. வெள்ளை ஒயின் பல செய்முறைகளில் இருக்கும். இல்லாமலே செய்கிற வீடுகளும் அங்கே உண்டு. கொத்தமல்லித் தழையை மட்டும் போடாதீர்கள். அது மட்டியின் வாசத்தை ஓரம்கட்டிவிட்டுத் தான் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.

நான்கு பேருக்கு ஒரு கிலோ வேண்டும். அதில் சதை என்று மிஞ்சுவது கையளவுதான். மட்டி வாங்குவதே சாற்றுக்காக. லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் உப்பு கரைத்த நீரில், இருட்டான இடத்தில், சில மணி நேரம் கிடக்க விட்டால் மணலைக் கக்கும். வாய் திறந்து கிடப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, மூடாவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, மட்டியை நான் ஏன் அடிக்கடி வாங்குவதில்லை? மட்டி நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நீரில் உள்ள கிருமியும் உலோகமும் அதன் உடம்பில் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டி எடுக்கும் நீர்ப்பகுதிகளை ஏ, பி, சி என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஏ வகை நீரில் எடுத்ததை நேராக விற்கலாம். பி வகையில் எடுத்ததைச் சுத்தமான நீர்த்தொட்டியில் வைத்துக் கழுவிய பிறகே சந்தைக்கு விடலாம். இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் கசப்பான அனுபவங்கள் உண்டு. 1973-ல் நேப்பிள்ஸில் காலரா பரவியபோது பழி சிப்பிகள்மீது விழுந்தது. விரிகுடாவில் இருந்த சிப்பிப் பண்ணைகளையே பிடுங்கி எறிந்தார்கள். நம் கூடையில் இருக்கும் மட்டி பழவேற்காட்டிலிருந்து வந்ததா, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து வந்ததா என்று எந்தச் சீட்டும் சொல்வதில்லை. விற்கும் அம்மாவைக் கேட்டால், எந்த ஊர் பிடிக்கும் என்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். எந்த நீரில் எடுத்தது என்று நம்பிச் சொல்லக்கூடிய ஆள் உங்களுக்கு இருந்தால், மற்றதையெல்லாம் மறந்துவிட்டு மட்டியையே வாங்குங்கள். எனக்கு அப்படி ஓர் ஆள் வருடத்துக்கு இரண்டு முறை வாய்க்கிறார்.

ஓர் உபரித் தகவல். இன்று இத்தாலியத் தட்டுகளில் இருக்கும் மட்டியில் பெரும்பகுதி இத்தாலியின் சொந்த மட்டி கிடையாது. 1983-ல் வெனிஸ் காயலில் கொண்டுவந்து விட்ட மணிலா மட்டியின் வம்சம் அது. அந்தப் பண்ணைகளை 2023-லிருந்து அமெரிக்காவிலிருந்து வந்த நீல நண்டு தின்று தீர்க்கிறது. வந்தேறியை இன்னொரு வந்தேறி விழுங்க, இத்தாலியர்கள் இப்போது அந்த நண்டையே ஸ்பகெட்டியில் போட்டுப் பழிதீர்த்துக்கொள்கிறார்கள்.

இறால்

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். குழந்தைகள் சாப்பிடுவார்கள், முள் இல்லை, எந்தக் கடையிலும் கிடைக்கும். அதே அளவுக்கு எல்லோரும் கெடுப்பதும் இதைத்தான். கடைக்காரர் "உரித்துத் தரவா?" என்று கேட்பார், நாம் நன்றியோடு தலையாட்டுவோம். அந்த நிமிடமே சாறு முழுவதும் குப்பைக் கூடைக்குப் போய்விட்டது. இறால் தன் ருசியைத் தலையில் வைத்திருக்கிறது. வெறும் சதையை எண்ணெயில் புரட்டினால் இனிப்பாக ஒரு கடி கிடைக்குமே தவிர, பாஸ்தாவில் ஒட்ட எதுவும் இருக்காது. அந்த வெறுமையை மறைக்கத்தான் கிரீமும் சீஸும் டப்பாத் தக்காளிக் குழம்பும் வந்து சேர்கின்றன.

ஆகவே தலையும் ஓடும் உள்ள இறாலை முக்கால் கிலோ வாங்குங்கள். வீட்டில் உரித்து, தலைகளையும் ஓடுகளையும் எண்ணெயில் போட்டு, சிவந்து வாசம் கிளம்பும்வரை வறுத்து, மத்தின் அடியால் நன்றாக நசுக்குங்கள். தலைக்குள் இருக்கும் ஆரஞ்சு நிறக் கொழுப்பு எண்ணெயில் இறங்கும். நீர் ஊற்றிக் கால் மணி நேரம் கொதிக்க விட்டு வடிகட்டினால், பாஸ்தா முடிக்க வேண்டிய சாறு தயார். சதையைக் கடைசி இரண்டு நிமிடத்தில் சேர்த்தால் போதும். மட்டி தானாகக் கொடுப்பதை இறாலிடம் அடித்துப் பிடுங்க வேண்டியிருக்கிறது. அரை மணி நேரம் கூடுதல் வேலை, பாத்திரம் இரண்டு அதிகம். ஆனால் பிடுங்கிவிட்டால் இதுவும் மட்டமில்லை.

நம் சந்தைப் பண்ணை இறாலில் பெரும்பங்கு வனாமி. பசிபிக் கரையைச் சேர்ந்த இந்த இனத்தை வளர்க்க இந்தியாவில் 2009-ல் அனுமதி கொடுத்தார்கள். விலை கட்டுப்படியாகும், ருசி சாது. கடலில் பிடித்த இறால் கிடைத்தால் அளவு குறைந்தாலும் அதையே எடுங்கள். தலை கறுத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள், இந்தச் சமையலுக்குத் தலைதான் முதல்.

'ஷ்ரிம்ப் ஸ்காம்பி' என்ற பெயரை உணவுப் பட்டியல்களில் பார்த்திருப்பீர்கள். இத்தாலியில் ஸ்காம்பி என்றால் நீண்ட இடுக்கிகளுள்ள வேறொரு உயிர், சிறு சிங்கி இறாலைப் போன்றது. அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்கள் அதைச் சமைத்த பக்குவத்தில் இறாலைச் சமைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. வெண்ணெயும் பூண்டும் எலுமிச்சையும் சேர்ந்த அந்த அமெரிக்க வடிவம் பத்து நிமிடத்தில் முடியும், சுவையாகவும் இருக்கும். அவசரமான வார நாள் இரவுக்கு அதைத் தடுக்க நான் யார்?

கணவாயும் கறுப்பும்

ஓட்டுக் கணவாயின் சாறு எங்கே என்று கேட்கவே வேண்டாம். நம் மீன்கடைத் தரையில் கறுப்பாக ஓடுவது அதுதான். சிசிலியிலும் வெனிஸிலும் அந்த மையைத்தான் பாஸ்தாவில் ஊற்றுகிறார்கள். பழைய புகைப்படங்களின் பழுப்பு நிறத்துக்குச் செபியா என்று பெயர் வந்ததும் இந்த உயிரால்தான். முன்பு ஓவியர்கள் இந்த மையைத் தொட்டு வரைந்தார்கள்.

வெட்டுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: மைப் பையை உடைக்காமல் தனியாகக் கொடுங்கள் என்று. வெள்ளி மினுக்கோடு சின்னத் துளிபோல் இருக்கும். நான் முதல்முறை கேட்டபோது அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எதற்கு சார், மருந்துக்கா?" என்றார். வெங்காயம், பூண்டு, கொஞ்சம் தக்காளி விழுது, சிறு துண்டுகளாக நறுக்கிய கணவாய், பிறகு மை. மூடி போட்டு நாற்பது நிமிடம். கணவாய்க்கு இரண்டு பதம்தான் உண்டு. ஒன்றரை நிமிடத்தில் எடுப்பது ஒன்று, நாற்பது நிமிடத்தில் இளகியபின் எடுப்பது மற்றொன்று. இடைப்பட்ட நேரத்தில் எடுத்தால் தாடைக்குத்தான் பயிற்சி. இந்த நீண்ட பதம் வீட்டுக்காரருக்கு வசதியானது, காலையிலேயே செய்து மூடி வைத்துவிடலாம். ருசியில் கடலும் இனிப்பும் லேசான உலோகமும் கலந்து வரும். எனக்குப் பிடிக்கும். என் வீட்டில் மற்ற மூவருக்கும் பல்லும் உதடும் கறுப்பாவது பிடிக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட விருந்தாளிக்கு இதைப் பரிமாறாதீர்கள்.

மத்தி

பலெர்மோவின் பாஸ்தா கோன் லே சார்தே இந்தப் பட்டியலிலேயே விசித்திரமானது. மத்தியோடு உலர்திராட்சை, பைன் விதை, குங்குமப்பூ, காட்டுப் பெருஞ்சீரகத் தழை எல்லாம் சேரும். கி.பி. 827-ல் அரபுப் படை சிசிலியின் மசாராவில் இறங்கியபோது, கரையில் கிடைத்ததை எல்லாம் சேர்த்து ஒரு சமையற்காரர் படைக்குச் சமைத்துப் போட்டார் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அந்தத் தட்டில் அரபு நாக்கு இருப்பது உண்மை. மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளுக்கு இது விசேஷம். மேலே தூவும் வறுத்த ரொட்டித்தூளைத் தச்சரான சூசையப்பரின் மரத்தூள் என்பார்கள்.

நம் மத்தியும் மத்தியதரைக்கடல் மத்தியும் ஒரே குடும்பம், வேறு வேறு இனம். நம் மத்தி கொழுத்த பருவத்தில் எண்ணெய் வழிய இருக்கும். அந்தக் கொழுப்புதான் இதன் சாறு. முள்ளை எடுத்து இரண்டு பாளமாகப் பிரித்து, வெங்காயத்தோடு மசிய விட்டால் அது தானே குழம்பாகும். தடையாக நிற்பது தழை. சோம்பு விதை நம் வீட்டில் எப்போதும் இருக்கிறது, அதன் தழை சந்தையில் கிடைப்பதில்லை. நான் ஒரு தொட்டியில் சோம்பை விதைத்து வளர்த்தேன். இரண்டு வாரத்துக்குள் முளைத்தது, கைப்பிடியளவு தழைக்கு ஒன்றரை மாதம் காத்திருந்தேன். விதையை மட்டும் நுணுக்கிப் போட்டும் செய்து பார்த்தாயிற்று. மீன் வறுவல் மசாலா வாசம் வந்தது, பலெர்மோ வரவில்லை. ஒரு கிலோ மத்திக்கு முள் எடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. வருடத்தில் ஒரு நாள், பொறுமை இருக்கும் நாளில், செய்ய வேண்டியது. அன்று செய்தால் மறக்க முடியாது.

நெத்திலி

என் தேர்வு இது. சொல்லும்போதே சிலருக்கு முகம் சுருங்கும். விருந்துக்கு நெத்திலியா? ஆமாம்.

தெற்கு இத்தாலியில் ஏழை வீடுகள் கண்டெடுத்த கூட்டணி நெத்திலியும் ரொட்டித்தூளும். சீஸ் வாங்க வசதி இல்லாதவர்கள் பழைய ரொட்டியை உதிர்த்து எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துப் பாஸ்தாமேல் தூவினார்கள். ஏழைகளின் பார்மிஜானோ என்றே அதற்குப் பெயர். நெத்திலி தன் சாற்றை எங்கும் ஒளித்து வைப்பதில்லை. உடம்பு முழுவதும் சாறுதான். வெப்பம் பட்டதும் உதிர்ந்து எண்ணெயோடு கலந்துவிடுகிறது. தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வரும். கட்டைவிரலால் வயிற்றைத் திறந்து நடுமுள்ளை வாலோடு உருவிவிடலாம். நான்கு பேருக்கு 400 கிராம் போதும். உட்கார்ந்து பேசிக்கொண்டே இருபது நிமிடத்தில் முடிகிற வேலை. பொடி நெத்திலி என்றால் முள்ளைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

செய்யும்போது நெத்திலியை இரண்டு பங்காகப் பிரிக்கிறேன். பாஸ்தாவை நீரில் போட்டதும், தாராளமான எண்ணெயில் நசுக்கிய பூண்டு ஐந்து பல்லும் கிள்ளிய வற்றல் மிளகாயும் போட்டு, முதல் பங்கைச் சேர்த்துக் கரண்டியால் உடைத்துவிடுகிறேன். அது குழம்பாகும். பாஸ்தாவும் வெந்த நீரும் வாணலிக்கு வந்து பூச்சுப் பிடித்த பிறகு, அடுப்பை அணைப்பதற்கு ஒரு நிமிடம் முன் இரண்டாவது பங்கு. அது துண்டு துண்டாக வெள்ளையாக நிற்கும். எலுமிச்சைத் தோல் துருவல், பார்ஸ்லி, தட்டில் போட்டபின் ரொட்டித்தூள். தூளை முன்கூட்டியே சேர்த்தால் ஊறிப்போகும். மொறுமொறுப்பும் வழவழப்பும் ஒரே வாயில் வருவதுதான் இதன் ரகசியம்.

செலவைப் பார்த்தால் இறாலுக்குப் பக்கத்திலேயே வராது. தவறினாலும் பெரிதாகக் கெடாது: அதிகம் வெந்தால் சாறு கூடும், அவ்வளவுதான். இறாலும் கணவாயும் இந்த மன்னிப்பைக் கொடுப்பதில்லை. அன்றன்றைக்குப் பிடித்துக் கரைக்கு வருகிற மீன் என்பதால் பெட்டியில் பல நாள் கிடந்ததை வாங்கும் ஆபத்தும் குறைவு. வயிறு வெடித்திருந்தால் வேண்டாம். வெள்ளிக் கோடு மின்னி, உடல் விறைப்பாக இருந்தால் எடுக்கலாம்.

உப்பில் மாதக்கணக்கில் ஊறிப் பதமாகி எண்ணெயில் அடைத்து வரும் இத்தாலிய நெத்திலிப் புட்டி வேறு சரக்கு. அதில் நான்கு துண்டு எண்ணெயில் கரைந்தால் குழம்புக்கு ஆழம் கூடும், கட்டாயமில்லை. அதற்குப் பதிலாக நெத்திலிக் கருவாட்டைப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே மீன் வகை, உப்பும் இருக்கிறது, என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். வெயிலில் காய்வதும் உப்பில் நொதிப்பதும் எவ்வளவு தூரம் என்று அன்று புரிந்தது. கருவாட்டுக் குழம்பு வாசம் வீசும் ஸ்பகெட்டியை நான் ஒருவனே உட்கார்ந்து தின்று முடித்தேன்.

அமால்ஃபி கரையில் செதாரா என்றொரு மீனவ ஊர். அங்கே நெத்திலியை உப்போடு மரப்பீப்பாயில் அடுக்கிப் பாரம் ஏற்றி வைத்து, மாதங்கள் கழித்துச் சொட்டும் அம்பர் நிற நீரைச் சேகரிக்கிறார்கள். பழைய ரோமானியர்களின் காரும் என்ற மீன் சாற்றுக்கு வாரிசு என்று சொல்லப்படும் இந்தக் கொலத்தூராவுக்கு 2020-ல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. சூடாக்காத எண்ணெய், பூண்டு, பார்ஸ்லியோடு ஆளுக்கு ஒரு தேக்கரண்டி கலந்து, உப்பே போடாமல் வேகவைத்த ஸ்பகெட்டியைப் புரட்டினால் சாப்பாடு தயார். அடுப்பில் வாணலிகூட வேண்டாம். இங்கே அது கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை கண்ணைக் கட்டும். மீனும் உப்பும் மட்டும் சேர்ந்த, சர்க்கரை கலக்காத தாய்லாந்து மீன் சாறு நல்ல தம்பியாக நின்று வேலையை முடிக்கும்.

டப்பாச் சூரை

எண்ணெயில் ஊறிய டப்பாச் சூரையை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். இத்தாலிய வீடுகளில் மாணவர்களும் வேலை முடிந்து வருகிறவர்களும் செய்வது இதைத்தான். தக்காளி, பூண்டு, இருந்தால் கேப்பர் என்ற ஊறுகாய் மொட்டு. சூரையைக் கடைசியில் உதிர்த்துப் போட வேண்டும். முதலிலேயே போட்டுக் கொதிக்க விட்டால் மரத்தூள். நீரில் அடைத்த டப்பாவை வாங்காதீர்கள், அதன் சாறு அந்த நீரோடு போய்விட்டது. இருபது நிமிடச் சமையலுக்கு இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

சீஸ் போடலாமா என்று ஒவ்வொரு முறையும் ஒருவர் கேட்பார். இத்தாலியர்களில் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் மசல் சிப்பியோடு பெக்கோரினோ சீஸ் துருவிப் போடும் பழக்கம் அவர்கள் நாட்டின் தெற்கிலேயே இருக்கிறது. மட்டியின் மெல்லிய சாற்றைப் பார்மிஜானோ அமுக்கிவிடும் என்பதால் அங்கே நான் போடமாட்டேன். டப்பாச் சூரையில் உங்கள் பிள்ளை ஒரு கைப்பிடி தூவிக்கொண்டால் வீட்டில் யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

இனிக் கடைக்கு வருவோம். முதல்முறை செய்கிறீர்கள் என்றால் நெத்திலி. ஒருமுறை அந்தப் பூச்சு கைக்கு வந்துவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் அதே கைதான். முள்ளைக் கண்டு மிரளும் குழந்தைகளோ, நெத்திலியை மட்டமாக நினைக்கும் சம்பந்தி வீட்டாரோ வருகிறார்கள் என்றால் தலையோடு இறால், கூடவே அரை மணி நேரம் பொறுமை. விருந்தாளி வந்தபின் அடுப்படியில் நிற்க விருப்பமில்லை என்றால் கணவாய். வருகிறவர்கள் கறுப்பைப் பொறுத்துக்கொள்வார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியை நாள்காட்டியில் குறித்து வைத்துச் செய்யுங்கள். மட்டி, ஆள் இருந்தால்.

எதுவுமே சரியில்லாத நாளும் வரும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளில் சிறு படகுக்காரர்கள் கொண்டு வருவதற்குப் போட்டி அதிகம். தாமதமாக எழுந்தால் பனிப்பெட்டியில் பயணம் செய்து களைத்த மீன்தான் மிஞ்சும். நேப்பிள்ஸ்காரர்கள் இதற்கும் ஒரு பாஸ்தா வைத்திருக்கிறார்கள்: வொங்கொலே ஃபுயூத்தே, ஓடிப்போன மட்டி. பூண்டு, எண்ணெய், சின்னத் தக்காளி, நிறையப் பார்ஸ்லி. மட்டிப் பாஸ்தாவின் எல்லாச் சாமானும் உண்டு, மட்டி மட்டும் இல்லை. பலெர்மோவில் மத்தி வாங்கக் காசில்லாதவர்கள் திராட்சையும் தழையும் மட்டும் போட்டுச் செய்துவிட்டு, மத்தி இன்னும் கடலில் இருக்கிறது என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு மீன்கடைக்குப் போய் வெறும் பையோடு திரும்பினேன். தக்காளியை நசுக்கிப் போட்டு ஓடிப்போன மட்டியைச் செய்தேன். அம்மா தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு, "மட்டி என்று சொன்னாயே, எங்கே?" என்றார்.

"தப்பி ஓடிவிட்டது அம்மா."

அம்மா சன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.